சொன்னால் எடுபடுமா? சீன மாணவர்கள் எப்போது வாய் திறக்கிறார்கள்

சீனக் கல்லூரி மாணவர்கள் அரசியல் பேசமாட்டார்கள், ஒன்று பயந்தவர்கள் அல்லது மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் என்று இரண்டே வரியில் கதையை முடித்துவிடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது 2021 ஜூன் மாதம் ஜியாங்சு மாகாணத்தில் நடந்ததைத்தான். டான்யாங் நகரில் நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஜோங்பெய் கல்லூரி இருக்கிறது. அங்கே மாணவர்கள் கூட்டமாகத் திரண்டு, கல்லூரித் தலைவரை 30 மணி நேரத்துக்கும் மேல் வெளியே விடாமல் பிடித்து வைத்தார்கள். இதைச் சொன்னது எதிர்க்கட்சிக்காரர் யாரும் இல்லை, டான்யாங் போலீசே விட்ட அறிக்கை. போலீஸ் உள்ளே புகுந்து அவரை மீட்டது. மிளகுத் தூள் தெளிப்பானும் தடியும் பயன்பட்டதைக் காட்டும் காணொளிகள் பரவின. அப்புறம் நடந்ததுதான் முக்கியம்: சில நாட்களுக்குள் மாகாணக் கல்வித் துறை அந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. பக்கத்து மாகாணமான ஜெஜியாங்கும் அதேபோல நிறுத்தியது.

என்ன திட்டம்? சீனாவில் ‘சுயேச்சைக் கல்லூரிகள்’ என்று ஒரு வகை உண்டு. பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி, தனியார் பணத்தில், அதிகக் கட்டணத்தில் நடப்பவை. நுழைவுத் தேர்வில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்துபோன பிள்ளைகளுக்கு, பெற்றோர் கையில் காசு இருந்தால், இதுதான் வழி. இந்தக் கல்லூரிகளைத் தொழில்நுட்பப் பயிற்சிக் கல்லூரிகளோடு இணைத்து புதிய பெயரில் நடத்தப் போகிறோம் என்று அறிவித்தார்கள். பட்டத்தில் ‘தொழிற்பயிற்சி’ என்ற சொல் ஒட்டிக்கொண்டால் வேலைச் சந்தையில் அதற்கு என்ன விலை என்று எல்லா மாணவர்களுக்கும் தெரியும். இவ்வளவு கட்டணம் கட்டியது இதற்கா என்று வெடித்தது.

அந்த மாணவர்கள் கம்யூனிஸ்ட் கட்சியைத் திட்டவில்லை, பேச்சுச் சுதந்திரம் கேட்கவில்லை. தங்கள் பட்டத்தைக் கேட்டார்கள், கிடைத்தது. ஏறக்குறைய 17 மாதம் கழித்து, 2022 நவம்பரில், கோவிட் பூட்டுதலை எதிர்த்து, பல டஜன் வளாகங்களில் மாணவர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது வேறு மாதிரியான பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். என் வாதம் இதுதான்: அரசின்மேல் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு மாணவர் வாய் திறப்பாரா என்பதைத் தீர்மானிப்பதில்லை. யாரிடம் சொன்னால் எடுபடும் என்று அவர் நினைக்கிறாரோ அதுதான் தீர்மானிக்கிறது. நம்பிக்கை அவர் எந்தக் குரலில் பேசுவார் என்பதை மட்டும் முடிவு செய்கிறது.

கொஞ்சம் கோட்பாடு, சீக்கிரம் முடித்துவிடலாம்

1952 தேர்தலின்போது அமெரிக்க ஆய்வாளர்கள் வாக்காளர்களிடம் ஒரு கேள்வித் தொகுப்பைக் கொடுத்து, 1954இல் முடிவை வெளியிட்டார்கள். ‘அரசு செய்வதில் என்னைப் போன்றவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை’ என்பதுபோன்ற வாக்கியங்களுக்கு ஆம், இல்லை சொல்ல வேண்டும். அதிலிருந்து வந்ததுதான் அரசியல் ஆற்றல் உணர்வு என்ற அளவுகோல். பின்னால் வந்தவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று உள்ளே இருப்பது: எனக்கு அரசியல் புரிகிறது, என்னால் பேச முடியும். இன்னொன்று வெளியே இருப்பது: நான் பேசினால் மேலே இருப்பவர்கள் காது கொடுப்பார்கள். ஒருவருக்கு முதலாவது நிறைய இருந்து இரண்டாவது சுத்தமாக இல்லாமல் போகலாம், சீனாவின் முன்னணிப் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் அந்த ரகம்தான்.

1968இல் வில்லியம் கேம்சன் என்ற சமூகவியலாளர் ஒரு கருத்தைச் சொன்னார்: ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் அதிகமாகவும் அரசின்மேல் நம்பிக்கை குறைவாகவும் இருக்கும் கூட்டம்தான் கிளம்புவதற்குத் தயாரான கூட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சீனாவில் இதை வைத்துப் பார்த்தால் முதல் அடியிலேயே இடறும், ஏனென்றால் அங்கே ‘அரசு’ என்று ஒன்றே ஒன்று இல்லை. லியான்ஜியாங் லி என்ற ஆய்வாளர் 2000களின் தொடக்கத்தில் சீனக் கிராமங்களில் செய்த ஆய்வில் மக்கள் பெய்ஜிங்கை நம்பினார்கள், தங்கள் ஊர் அதிகாரியை நம்பவில்லை. மத்திய அரசின் நோக்கம் நல்லது, அதைக் கீழே இருப்பவர்களைச் செய்ய வைக்கும் சக்திதான் போதவில்லை என்பது அவர்கள் கணக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று நாம் சொல்வோமே, அப்படியே அதுதான். ஹார்வர்டின் ஆஷ் மையம் 2003 முதல் 2016 வரை சீன மக்களிடம் எடுத்த ஆய்விலும் இதே வடிவம்: 2016இல் மத்திய அரசில் திருப்தி 90 சதவீதத்துக்கு மேல், மட்டம் இறங்க இறங்கத் திருப்தியும் இறங்குகிறது.

இந்த அடுக்கு நம்பிக்கை பேச்சுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. பூசாரியைப் பற்றி சாமியிடம் முறையிடுவது தேசத்துரோகம் ஆகாது. கெவின் ஓ’பிரையனும் லியான்ஜியாங் லியும் இதை உரிமைசார் எதிர்ப்பு என்ற பொருளில் எழுதினார்கள்: மத்திய அரசின் சட்டத்தையும் வாக்குறுதியையும் கையில் வைத்துக்கொண்டே உள்ளூர் அதிகாரியை மடக்குவது. டான்யாங் மாணவர்கள் செய்தது ஏறக்குறைய அதுதான்.

அதிகாரிகள் நிஜமாகவே காது கொடுக்கிறார்களா என்று ஒரு சோதனையும் நடந்திருக்கிறது. ஜிதோங் சென், ஜெனிஃபர் பான், இச்சிங் ஷு மூவரும் 2,103 மாவட்ட அளவிலான அரசுகளுக்கு இணையம் வழியாக உதவி கேட்டு மனு போட்டார்கள். சும்மா கேட்டபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரசுகள் பதில் சொன்னன. ‘எல்லோரும் சேர்ந்து வருவோம்’ என்று கோடி காட்டியபோது பதில் கணிசமாகக் கூடியது. ‘மேலே சொல்லிவிடுவோம்’ என்றபோதும் அப்படியே, ஆனால் எல்லோரும் பார்க்கும்படி வெளிப்படையாகப் பதில் சொல்வது, சேர்ந்து வருவோம் என்றபோதுதான் கூடியது. ஆக உள்ளூர் மட்டத்தில் ‘சொன்னால் எடுபடும்’ என்ற எண்ணம் வெறும் பிரமை கிடையாது, அனுபவத்தில் வந்தது. எப்படிச் சொன்னால் எடுபடும் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

வளாகத்துக்குள் நம்பிக்கை எப்படித் தயாராகிறது

சீனப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ‘வழிகாட்டி ஆசிரியர்’ உண்டு. பாடம் நடத்துபவர் இல்லை. 200 மாணவருக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பது கல்வி அமைச்சக விதி. விடுதி அறை ஒதுக்கீடு, உதவித்தொகை, மனச்சோர்வு, வேலைக்கான பரிந்துரை, கட்சியில் சேர விண்ணப்பம், ‘நேற்று இரவு உன் சமூக ஊடகப் பக்கத்தில் என்ன போட்டாய்’ என்ற விசாரிப்பு, எல்லாம் அந்த ஒரே ஆள் கையில். பாதி அண்ணன், பாதி கண்காணிப்பாளர். இதை வெளியே இருந்து பார்ப்பவர்கள் வெறும் ஒற்றர் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. ராத்திரி 2 மணிக்கு வயிற்றுவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் அவர்தான். அதனாலேயே அவர் கூப்பிட்டு ‘இதெல்லாம் வேண்டாம், உன் வீட்டில் தெரிந்தால் வருத்தப்படுவார்கள்’ என்று சொல்வது போலீஸ் சொல்வதைவிட நன்றாக வேலை செய்கிறது.

இதோடு கட்டாய அரசியல் பாடங்கள். இவை நம்பிக்கையை உண்டாக்குகின்றனவா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

முதலாவது 2017இல் வந்தது. 2004க்கும் 2010க்கும் இடையே உயர்நிலைப் பள்ளிகளில் புதிய பாடத்திட்டம் மாகாணம் மாகாணமாக அறிமுகமானது. பழைய புத்தகம் படித்தவர்களும் புதியதைப் படித்தவர்களும் அடுத்தடுத்த வருடங்களில் பீகிங் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டேவிடே கான்டோனியும் கூட்டாளிகளும் அவர்களில் ஏறக்குறைய 2,000 பேரிடம் கேட்டுப் பார்த்தால், புதிய புத்தகம் படித்தவர்களுக்கு அரசு அதிகாரிகள்மேல் நம்பிக்கை கூடியிருந்தது, கட்டற்ற சந்தைமேல் சந்தேகமும் கூடியிருந்தது. அதாவது அரசு நினைத்தது நடந்தது, அதுவும் நாட்டிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளிடம்.

இரண்டாவது ஹைஃபெங் ஹுவாங் 2015இல் வெளியிட்டது, அதுவும் கல்லூரி மாணவர்களிடம் எடுத்ததுதான். அரசியல் பாடத்தை நன்றாக மனதில் வாங்கியிருந்த மாணவர்களுக்கு அரசின்மேல் திருப்தி ஒன்றும் கூடவில்லை. கூடியது வேறொன்று: இந்த அரசு பலமானது, ஒழுங்கைக் காப்பாற்றும் வல்லமை அதற்கு இருக்கிறது என்ற எண்ணம். அந்த எண்ணம் கூடக் கூட எதிர்ப்பில் கலந்துகொள்ளும் விருப்பம் குறைந்தது. பிரச்சாரத்தின் வேலை உன்னை நம்ப வைப்பது இல்லை, நம்பாத விஷயத்தையும் உன்னை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வைக்க எங்களால் முடியும் என்று காட்டுவதே என்பது அவர் வாதம்.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. பள்ளிப் பாடம் நம்பிக்கையைத் தொடுகிறது, கல்லூரிப் பாடம் ‘எடுபடும்’ என்ற எண்ணத்தைத் தொடுகிறது. பேச்சை அடக்குவதற்கு நம்பிக்கையை ஏற்றுவதைவிட எடுபடாது என்று புரியவைப்பது மலிவு. அலுப்பான வகுப்பும் அந்த வேலையைச் செய்துவிடும்.

இன்னொன்று, யுயு சென்னும் டேவிட் யாங்கும் பெய்ஜிங்கின் இரண்டு பல்கலைக்கழகங்களில் செய்த சோதனை. கிட்டத்தட்ட 1,800 மாணவர்கள். அவர்களில் பலருக்கு இணையத் தணிக்கையைத் தாண்டிப் போகும் வசதியை 18 மாதம் இலவசமாகக் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதைத் திறக்கவே இல்லை. திறந்தவர்களிலும் தடைசெய்யப்பட்ட வெளிநாட்டுச் செய்தித் தளங்களில் நேரம் செலவிட்டவர்கள் ஏறக்குறைய யாரும் இல்லை. பிறகு சில மாதங்கள், அந்தச் செய்திகளைப் படித்தால் சிறு பரிசு என்று ஊக்கம் கொடுத்தார்கள். படித்தார்கள், பரிசு நின்ற பிறகும் தொடர்ந்து படித்தார்கள், சிலர் சொந்தக் காசு போட்டார்கள். அரசின்மேல் இருந்த நம்பிக்கை இறங்கியது. அப்புறம் என்ன, கொடி பிடித்தார்களா? சொன்ன திட்டங்களில் பெரிதாகத் தெரிந்தது நாட்டை விட்டு வெளியே போவது. நம்பிக்கை போய், சொன்னால் எடுபடும் என்ற எண்ணமும் இல்லாவிட்டால், படித்த பிள்ளை வாய் திறப்பதில்லை, விண்ணப்பப் படிவத்தைத் திறக்கிறது. இதைக் கேம்சன் கணக்கில் எழுதவில்லை.

சரி, இந்த நம்பிக்கை எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ‘கட்சியை ஆதரிக்கிறீர்களா’ என்று நேரடியாகக் கேட்டால் 90 சதவீதத்துக்கு மேல் ஆம் சொல்கிற இடத்தில், யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியாத மறைமுக முறையில் கேட்டபோது அது 70ஐத் தாண்டவில்லை என்று எரின் பேகட் கார்ட்டரும் கூட்டாளிகளும் 2024இல் எழுதினார்கள். கருத்துக்கணிப்பில் டிக் அடிப்பதே ஒரு அரசியல் பேச்சுதானே. அங்கேயும் சுயதணிக்கை இருக்கும். அதனால் ‘நம்பிக்கை கூடியவர்கள் அதிகம் பேசுகிறார்கள்’ என்று ஒரு கேள்வித்தாள் ஆய்வு சொன்னால், நான் முதலில் கேட்பது: பேச்சு என்று எதை எண்ணினீர்கள்? அரசுச் செய்தியைப் பகிர்வதையும் எண்ணினால் அந்த முடிவு வராமல் என்ன செய்யும்? 2016 ஜனவரி 20 அன்று ஆயிரக்கணக்கான சீன இளைஞர்கள் தணிக்கைச் சுவரைத் தாண்டி ஃபேஸ்புக்குக்குப் போய் தைவானின் அதிபராகத் தேர்வாகியிருந்த சாய் இங்-வென் பக்கத்தைத் தேசபக்திக் கருத்துகளால் நிரப்பினார்கள். அதுவும் அரசியல் வெளிப்பாடுதான். அதில் ஆபத்து இல்லை, கைதட்டல் உண்டு.

2022 நவம்பர்

இப்போது பெரிய சம்பவத்துக்கு வருவோம்.

அந்த இலையுதிர்காலத்தில் கோவிட் கட்டுப்பாட்டால் பல வளாகங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வெளியே போக அனுமதிச் சீட்டு, தினமும் பி.சி.ஆர். சோதனை வரிசை. அக்டோபர் 13 அன்று பெய்ஜிங்கின் சித்தோங் மேம்பாலத்தில் ஒரு தனி மனிதர் பதாகை தொங்கவிட்டார்: சோதனை வேண்டாம், சோறு வேண்டும், பூட்டுதல் வேண்டாம், சுதந்திரம் வேண்டும் என்ற ரீதியில். அவரை உடனே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாசகங்கள் மட்டும் கழிப்பறைச் சுவர்களுக்கு வந்துசேர்ந்தன. கேமரா இல்லாத இடம் அது ஒன்றுதான். ஐபோனில் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் படம் அனுப்பும் ஏர்டிராப் வழியாகவும் பரவின. நவம்பரில் ஆப்பிள் சீனாவில் மட்டும், தெரியாதவர்களிடமிருந்து பெறுவதை 10 நிமிடத்துக்குச் சுருக்கியது.

நவம்பர் நடுவில் இன்னொன்று நடந்தது, நான் இதை மிகவும் யோசிக்க வைக்கும் விஷயமாக நினைக்கிறேன். பூட்டிய வளாகங்களின் மைதானங்களில் இரவில் மாணவர்கள் கூட்டமாக வட்டமாகத் தவழ்ந்தார்கள். கையையும் காலையும் ஊன்றி, ஒருவர் பின் ஒருவராக. அட்டைப் பெட்டியில் நாய் செய்து கயிறு கட்டி உலாவ அழைத்துப் போனார்கள். கோரிக்கை எதுவும் இல்லை. சொன்னால் எடுபடாது என்று முடிவாகிவிட்ட இடத்தில் பேச்சு எந்த வடிவம் எடுக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். சில ஆசிரியர்கள் தடுத்தார்கள், என்ன சொல்லித் தடுப்பது என்று அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

நவம்பர் 11 அன்று மத்திய அரசு 20 தளர்வு நடவடிக்கைகளை அறிவித்தது. சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரிகள் பூட்டைத் திறக்கவில்லை. கத்தாரில் உலகக்கோப்பை தொடங்கி, முகக்கவசம் இல்லாத கூட்டம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24 அன்று ஷின்ஜியாங்கின் உரும்சியில் ஓர் அடுக்குமாடியில் தீ. அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 10 பேர் இறந்தார்கள். நூறு நாளுக்கு மேல் பூட்டுதலில் இருந்த நகரம் அது. தடுப்புகளால்தான் மீட்பு தாமதமானது என்று மக்கள் பேசிக்கொண்டிருந்தபோது, செய்தியாளர் சந்திப்பில் ஓர் அதிகாரி குடியிருப்பாளர்களில் சிலருக்குத் தற்காப்புத் திறன் குறைவு என்று பேசினார். பல மாணவர்களுக்கு இதுதான் எல்லை. விடுதிக் கதவு பூட்டியிருக்கிறது, நமக்கும் நாளைக்கு இதே நடந்தால், நமக்கும் தற்காப்புத் திறன் இல்லை என்றுதானே சொல்வார்கள்.

26ஆம் தேதி நான்ஜிங்கில் உள்ள தகவல்தொடர்புப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி படிக்கட்டில் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் ஆள் வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார். மாணவி அசையவில்லை, தாள் இருப்பதுபோலவே வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இரவுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து போன் விளக்கை ஏற்றினார்கள். அதிகாரி போலப் பேசிய ஒருவர், இன்று செய்ததற்கு ஒருநாள் விலை கொடுப்பீர்கள் என்ற பொருளில் எச்சரிக்க, நீங்களும்தான் கொடுப்பீர்கள் என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது.

அன்று நள்ளிரவையொட்டி பீகிங் பல்கலைக்கழகத்தில் மேம்பாலத்து வாசகத்தின் சாயலில் சுவரில் எழுதியிருந்தார்கள், காவலாளிகள் தங்கள் மேலங்கியால் அதை மறைத்துக்கொண்டு நின்றார்கள். 27ஆம் தேதி காலை ட்சிங்குவா பல்கலைக்கழகத்தில், ஷி ஜின்பிங் படித்த அதே இடத்தில், ஜிஜிங் உணவகத்தின் வாசலில் ஒருவர் வெள்ளைத் தாளோடு நிற்கத் தொடங்கி, பிறகு நூற்றுக்கணக்கில் கூடினார்கள். தேசிய கீதம் பாடினார்கள், தொழிலாளர் சர்வதேச கீதம் பாடினார்கள், ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, கருத்துச் சுதந்திரம் என்று முழங்கினார்கள். ஒரு மாணவி குரல் நடுங்க ஒலிபெருக்கியில் பேசியது பரவலாகச் செய்தியானது: கைதாவோம் என்று பயந்து பேசாமல் இருந்தால் மக்கள் நம்மால் ஏமாற்றமடைவார்கள், ட்சிங்குவா மாணவியாக வாழ்நாள் முழுக்க வருந்துவேன் என்ற கருத்தில்.

அந்த வாக்கியத்தை அளவுகோலில் வைத்துப் பாருங்கள். எடுபடுமா என்ற கணக்கே அதில் இல்லை. நான் யார், என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்ற கணக்கு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆற்றல் உணர்வு, அதுவும் முன்னணிப் பல்கலைக்கழகத்தில் வருவது, தனியாகவே ஒருவரை எழுந்து நிற்க வைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1919 மே 4 போராட்டத்தை பீகிங் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்று நடத்தினார்கள் என்பதைக் கட்சியே பாடப்புத்தகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறது. நாட்டுக்காகப் பேசுவது மாணவர் கடமை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பேசும்போது திடுக்கிட்டால் எப்படி?

ஷாங்காயின் உரும்சி சாலையில் அதே வார இறுதியில் ஷி ஜின்பிங் பதவி விலக வேண்டும் என்றே கோஷம் எழுந்தது. வளாகங்களில் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகவில்லை. கோழைத்தனம் என்று இதை வாசிக்கக் கூடாது. சாலையில் நிற்பவர் இருட்டில் முகமில்லாத ஒருவர். வளாகத்தில் நிற்பவரின் பெயர், அறை எண், அப்பாவின் போன் எண் எல்லாம் வழிகாட்டி ஆசிரியரிடம் இருக்கிறது. அதனால்தான் தேசிய கீதம், அதனால்தான் சர்வதேச கீதம். இந்த இரண்டையும் பாடியதற்காகத் தண்டிப்பது கட்சிக்குச் சங்கடம். பாடியவர்களில் பாதிப் பேர் அதை மனதார நம்பியும் பாடியிருப்பார்கள், கவசமாகவும் பாடியிருப்பார்கள். நம்பிக்கையும் தந்திரமும் ஒரே வாயிலிருந்து வரும்போது எந்தக் கேள்வித்தாளாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. வெள்ளைத் தாளும் அப்படித்தான், அதில் எதுவும் எழுதவில்லையே, எதற்காகக் கைது என்று கேட்கலாம்.

அதற்குப் பிறகு

அன்று பிற்பகல் ட்சிங்குவாவில் பல்கலைக்கழகக் கட்சிக் குழுவின் துணைச் செயலாளர் வந்து, பல்கலைக்கழக அளவில் கலந்துரையாடல் நடத்தலாம் என்று உறுதி சொன்னார். அடுத்த சில நாட்களில் மாணவர்கள் சீக்கிரமே ஊருக்குப் போகலாம் என்று அறிவித்து, ரயில் நிலையத்துக்கு இலவசப் பேருந்தும் விட்டார்கள். கேட்டவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கேள்வியும் கூடவே போய்விடும்.

டிசம்பர் 1 அன்று பெய்ஜிங் வந்திருந்த ஐரோப்பிய கவுன்சில் தலைவர் சார்ல்ஸ் மிஷெலிடம் ஷி ஜின்பிங், போராடியவர்கள் மூன்று வருடக் கோவிட்டால் சலித்துப்போன மாணவர்கள்தான் என்ற அளவில் பேசியதாக ஐரோப்பிய அதிகாரிகள் தெரிவித்தார்கள். டிசம்பர் 7 அன்று 10 அம்ச அறிவிப்பு வந்தது, தொற்றே இருக்கக் கூடாது என்ற பூச்சியக் கோவிட் கொள்கை ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

அப்படியானால் மாணவர்கள் வென்றார்களா? இது ஒரு வசதியான கதை, நான் முழுசாக வாங்கவில்லை. உள்ளாட்சிகளின் பணம் கரைந்திருந்தது, ஒமிக்ரானைப் பூட்டிப் பிடிக்க முடியவில்லை, தளர்வு நவம்பர் 11இலேயே தொடங்கிவிட்டது. போராட்டம் தள்ளிவிட்ட கதவு ஏற்கனவே கொஞ்சம் திறந்திருந்தது. ஆனால் அங்கே நின்ற பிள்ளைகளுக்கு எது கண்ணில் பட்டது? 10 நாளில் பூட்டு திறந்தது. அடுத்த வாரங்களில் பெய்ஜிங்கில் பேரணிக்குப் போயிருந்த இளம் பெண்கள் சிலர் ஒவ்வொருவராகக் காணாமல் போய், கைது என்று தெரியவந்தது. ஒரே பாடத்தில் இரண்டு வரி: பேசினால் காரியம் ஆகும், பேசியவருக்கு ஆபத்தும் ஆகும். இந்த இரண்டும் சேர்ந்து ‘வெளி ஆற்றல் உணர்வை’ கூட்டுமா குறைக்குமா என்று ஒற்றை எண்ணில் சொல்லச் சொன்னால் அந்தக் கேள்வியே தவறு. கோரிக்கை எடுபடும் என்பதும் நான் பத்திரமாக இருப்பேன் என்பதும் வேறு வேறு எதிர்பார்ப்புகள், பழைய அளவுகோல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. தேர்தல் உள்ள நாட்டில் அந்தக் குழப்பம் பெரிய சேதம் செய்யாது, இங்கே செய்கிறது.

எதிர்மறைச் சான்றாக ஜேசிக் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நம்பிக்கை இருந்தால் பத்திரம் என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்கள். 2018 ஜூலையில் ஷென்ஜெனில் ஜேசிக் என்ற வெல்டிங் கருவித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்க முயன்று வேலையிழந்தார்கள், கைதானார்கள். அவர்களுக்குத் துணையாகப் பீகிங், ரென்மின், நான்ஜிங் முதலிய பல்கலைக்கழகங்களின் மார்க்சிய வட்டங்களிலிருந்து மாணவர்கள் போய் நின்றார்கள். இவர்கள் அரசியல் வகுப்பில் தூங்காதவர்கள். பாடத்தில் சொன்னதை அப்படியே நம்பி, அதன்படி நடக்கக் கிளம்பியவர்கள். ஷி ஜின்பிங்குக்கே திறந்த கடிதம் எழுதினார்கள், அதாவது சாமியை முழுசாக நம்பினார்கள். ஆகஸ்ட் 24 அதிகாலை ஹுய்ஜோவில் அவர்கள் தங்கியிருந்த இடத்தில் போலீஸ் புகுந்து சுமார் 50 பேரைக் கொண்டுபோனது. டிசம்பர் 26 அன்று, மாவோவின் 125ஆவது பிறந்தநாளில், பீகிங் பல்கலைக்கழக மார்க்சிய வட்டத்தின் தலைவரைக் கொண்டுபோனார்கள். அவர் மாவோ நினைவு நிகழ்ச்சிக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

டான்யாங் மாணவர்கள் கல்லூரித் தலைவரையே பிடித்து வைத்தார்கள், கோரிக்கை நிறைவேறியது. ஜேசிக் மாணவர்கள் யாரையும் பிடித்து வைக்கவில்லை, காணாமல் போனார்கள். வித்தியாசம் நம்பிக்கையில் இல்லை, கோபத்தின் அளவிலும் இல்லை. டான்யாங்கில் இருந்தவர்கள் தங்கள் சொந்த விஷயத்துக்காக, தங்கள் வளாகத்துக்குள் நின்றார்கள். ஜேசிக்கில் மாணவர்கள் தொழிலாளர்களோடு, ஊர் தாண்டி, வர்க்கம் தாண்டிக் கைகோத்தார்கள். தணிக்கைபற்றி கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் 2013இல் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது: அரசைத் திட்டுவதைவிடக் கூட்டம் சேர்க்கக்கூடிய பதிவுகள்தான் அதிகம் நீக்கப்பட்டன. மாணவர்கள் இதை ஆய்வுக் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, எந்தப் பதிவு காணாமல் போகிறது என்று தினமும் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

இதற்கு இன்னொரு உதாரணம் 2024 நவம்பர். ஹெனான் மாகாணத்தின் ஜெங்ஜோவிலிருந்து கைஃபெங்குக்கு, சுமார் 50 கிலோமீட்டர், இரவு முழுக்க வாடகை சைக்கிளில் போய்ச் சூப் நிறைந்த கொழுக்கட்டை சாப்பிடுவது என்று ஒரு மோகம். ஜூன் மாதம் நாலு மாணவிகள் ஆரம்பித்தது. கைஃபெங் அதிகாரிகள் சுற்றுலாவுக்கு நல்லது என்று வரவேற்றார்கள், அரசு ஊடகம் இளமைத் துடிப்பு என்று பாராட்டியது. நவம்பர் 8 இரவு பல பத்தாயிரம் மாணவர்கள் சாலையை நிறைத்தார்கள். சிலர் தேசியக் கொடியோடு, சிலர் தேசிய கீதத்தோடு. கோரிக்கை ஒன்று கிடையாது, குறை ஒன்று கிடையாது, நம்பிக்கையின்மை என்று சொல்ல எந்தத் தடயமும் கிடையாது. மறுநாளே சைக்கிள் பாதைகளை மூடினார்கள், வாடகை சைக்கிள் நிறுவனங்கள் ஜெங்ஜோ எல்லையைத் தாண்டினால் வண்டி பூட்டிக்கொள்ளும் என்று அறிவித்தன, பல கல்லூரிகள் மறுபடி வாயில் அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தன. எத்தனை பேர் கூடினார்கள் என்பதைத்தான் அதிகாரிகள் பார்த்தார்கள். நம்பிக்கையை அளக்கும் கேள்வித்தாளில் அந்த மாணவர்களுக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருக்கும்.